தொட்டியின் அடியில் நான்கு ஓட்டைகள்

ஒரு பெண்ணின் பொருளை என்னுடையது என்று பொய் சொல்லி எடுத்துக்கொண்டேன். அந்தப் பொருள் ஒரு குப்பைத் தொட்டி. என் வீட்டு வாசலில் இருந்ததை மட்டுமல்ல, தெருவிலிருந்த இருபத்திரண்டு தொட்டிகளையும் அதே பொய்யால் அவளிடமிருந்து பறித்துத் தெருக்காரர்களுக்குக் கொடுத்தேன். அவளுக்கு வேலை போயிற்று. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த ஒருவன் போயும் போயும் குப்பைத் தொட்டிக்காகப் பொய் சொன்னானா என்று. ஆமாம், சொன்னேன். நிதானமாக, பலர் முன்னிலையில், பட்டப்பகலில் சொன்னேன்.

எழுபதுகளின் பிற்பகுதி. திருப்பதியில் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் தெரு. பக்கத்துக்குப் பதினொன்றாக இருபத்திரண்டு வீடுகள். பாதிக்கு மேல் தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கரியத்தில் இருந்த குடும்பங்கள். என் தகப்பனாரும் அதில்தான் இருந்தார். நான் படித்து உத்தியோகத்துக்குப் போனவன். வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு, முனிசிபாலிடிக்கு மனு என்றால் இங்கிலீஷ். அந்த இங்கிலீஷ் என் கையில் இருந்தது. தெருக்குழாயும் மூலை விளக்கும் என் மனுவால் வந்தவை என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் மறுப்பதில்லை.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். குப்பைத் தொட்டியை வீட்டு மனிதர்கள் யாரும் தொடமாட்டார்கள். முறத்தை ஒரு முழ உயரத்தில் பிடித்துக் கவிழ்ப்பதோடு சரி. விரல் பட்டுவிட்டால் குளிக்க வேண்டும். அதனால் தொட்டியை எடுப்பது, தெருமுனை வண்டியில் கொட்டுவது, திரும்பக் கொண்டுவந்து வைப்பது எல்லாம் தெரு கூட்டுகிறவளின் வேலை. அவள் வரதய்யபாளையம் பக்கத்திலிருந்து வந்தவள். முனிசிபாலிடியில் தினக்கூலி. எங்கள் தெருவில் மட்டும் பதினோரு வருஷம். அத்தனை வருஷமும் அவள் பெயர் என்ன என்று நான் கேட்டதில்லை.

ஒருநாள் சாயங்காலம் அவள் வாசலில் வந்து நின்றாள். கையில் துடைப்பம் இல்லை. தலையை வாரி முடிந்திருந்தாள். ஏதோ காரியமாக வந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

"சாமி, ஒரு காயிதம் எழுதிக் குடுக்கணும்."

"என்ன காகிதம்?"

"குப்பைய காண்ட்ராக்டுக்கு வுட்டுட்டாங்களாம். பர்மனென்ட் ஆளுங்கள வேற பக்கம் மாத்திடுவாங்க. எங்கள மாதிரி கூலிங்கள வெச்சிக்கறதும் தொரத்தறதும் காண்ட்ராக்டர் இஷ்டம். சொந்தமா சாமான் வெச்சிக்கினு இருக்கறவங்கள மொதல்ல சேத்துக்குவோம்னு அவுங்க மேஸ்திரி சொல்லிக்கினு கீறாரு. இந்தத் தெருவுத் தொட்டிங்க எல்லாம் என்னுதுன்னு ஒரு காயிதம் போட்டுட்டா தெருவு எனக்கே இருக்கும்."

"தொட்டியெல்லாம் உன்னுதா?"

அவள் சிரித்துவிட்டாள். "பின்ன யாருது சாமி? உங்க வூட்டுதா?"

அப்போதுதான் எனக்கு அந்த விவரம் தெரிந்தது. முனிசிபாலிடி எப்போதோ கொடுத்த தகரத் தொட்டிகள் சில மழைக்காலங்களிலேயே துருப்பிடித்துப் போய்விட்டன. தொட்டி இல்லையென்றால் எல்லாவற்றையும் தரையிலிருந்து கையால் அள்ள வேண்டும். ரேணிகுண்டா ரோட்டில் தார் போடும் வேலை நடந்தபோது, அந்த ஆட்களின் கொட்டகையைக் கூட்டி, தண்ணீர் எடுத்து வைத்து, கூலிக்குப் பதிலாகக் காலித் தார் டின்களை வாங்கியிருக்கிறாள். கொல்லன் பட்டறையில் ஒவ்வொன்றையும் இரண்டாக அறுத்து, விளிம்பை மடக்கி, போல்ட் போட்டுக் கைப்பிடி வைத்திருக்கிறாள். உள்ளே தார் ஒட்டியிருந்ததால் துருப்பிடிக்கவில்லை. இதெல்லாம் எங்கள் வாசலிலேயே நடந்திருக்கிறது. பழைய தொட்டி போய்ப் புதியது வந்ததை இருபத்திரண்டு வீட்டில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை.

"உன்னுதுன்னு எப்படி நிரூபிப்பே?" என்று கேட்டேன். மனு எழுதுகிறவனின் கேள்வி.

"திருப்பிப் பாத்தா தெரியும் சாமி. தண்ணி எறங்கறதுக்கு அடியில ஆணி வெச்சி ஓட்டை போட்டுக்கீறேன். இந்த வரிசைக்கு நடுவுல நேர்கோடா, அந்த வரிசைக்கு ஓரமா ரவுண்டா. எத்தினியாவது வூடோ அத்தினி ஓட்டை. உங்குளுது நாலாவது வூடு. நாலு ஓட்டை, நேரா."

"எதுக்கு இந்த அடையாளமெல்லாம்?"

"மூணாவது வூட்டு போஸ்ட் மாஸ்டர் அய்யா இல்ல, அவரு வூட்டம்மா ஒருவாட்டி என்னை நாள் முச்சூடும் நிக்க வெச்சி திட்னாங்க. சாவு வூட்டுத் தொட்டியக் கொணாந்து அவுங்க வாசல்ல வெச்சிட்டனாம். அதுலருந்து மாறவே மாறாது. கண்ண மூடிக்கினு தடவியே சொல்லிடுவேன்."

எழுதித் தருகிறேன் என்றேன். இரண்டு நாள் கழித்து வரச் சொன்னேன். அன்றைக்கே எழுதியிருக்கலாம். ஒரு பக்கம்கூட ஆகாது. பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன் என்பது காரணமல்ல. அவளுக்காக உட்கார்ந்து எழுதுவது அவசரமான காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

மறுநாளே காண்ட்ராக்டரின் அறிவிப்பு வந்தது. தொட்டிகளெல்லாம் முனிசிபாலிடிச் சொத்து, குப்பை அள்ளும் உரிமையோடு அவையும் தனக்கு வந்துவிட்டன, பழையவற்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வீடு புதுத் தொட்டி வாடகைக்குத் தரப்படும் என்று. தெரு கொதித்துவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஏழெட்டுப் பேர் என் வீட்டுக் கூடத்தில் கூடிவிட்டார்கள். மூன்றாம் வீட்டு ரிடையர்டு போஸ்ட் மாஸ்டர்தான் தலைமை.

"என்னங்காணும் இது! குப்பையும் நம்மளது, அதைப் போடற தொட்டிக்கு வாடகையும் நம்ம தலையிலயா? நாளைக்கு நாறறதுக்கும் காசு கேப்பான். உம்ம இங்கிலீஷை எடுத்து விடும் ஓய்."

"என்னன்னு எழுதறது? தொட்டி நம்மளதுன்னா?"

"பின்னே? நம்ம வாசல்ல இருக்கறது நம்மளது. இதிலென்ன சந்தேகம்?"

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். தொட்டி அந்தப் பெண்ணுடையது, அதை எழுதினாலும் காண்ட்ராக்டரால் எடுத்துப்போக முடியாது என்று சொல்லியிருக்கலாம். நியாயமும் அதுதான், சட்டமும் அதுதான். ஆனால் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் என்னை வக்கீலைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரு கூட்டுகிறவள் வாங்கிப் போட்ட தொட்டியில்தான் இத்தனை வருஷமாக நாம் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அவர்களிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. எனக்கு நானே ஒரு சமாதானம் செய்துகொண்டேன். தொட்டி தெருவில் இருந்தால் அவளும் தெருவில் இருப்பாள், அவள் கேட்டதும் அதுதானே என்று. அன்றைக்கே மனுவை எழுதினேன். ஒவ்வொரு தொட்டியும் அந்தந்த வீட்டுக்காரரால் வாங்கப்பட்டு அவராலேயே பராமரிக்கப்பட்டு வருகிறது என்று ஒரு வாக்கியம். இங்கிலீஷில் அது மிகவும் கம்பீரமாக இருந்தது. இருபத்திரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

நான் சொன்ன நாளில் அவள் வந்தாள். "ஆயிடுச்சா சாமி?" என்றாள். "எல்லாருக்கும் சேர்த்தே எழுதியிருக்கேன்" என்றேன். அவள் இரண்டு கையையும் கூப்பிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் காலையில் விசாரணைக்கு சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்தார். காண்ட்ராக்டரின் மேஸ்திரியும் கூட வந்தார். மூன்று மாநிலங்கள் தொடும் குப்பம் ஊர்க்காரர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் கிண்டல் செய்யத் தெரிந்தவர். தன் ஆட்களை விட்டு எல்லாத் தொட்டிகளையும் தெரு நடுவில் கொண்டுவந்து வைத்தார். அவற்றை ஒன்றோடொன்று கலக்கவும் சொன்னார். பிறகு போஸ்ட் மாஸ்டரைப் பார்த்து, "அய்யா, உங்க சொந்தத் தொட்டி இதுல எது?" என்றார்.

போஸ்ட் மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "இதோ, இது. இல்லை, அந்தக் கறுப்பு."

"எல்லாமே கறுப்புதான் அய்யா. தார் டின்னு."

சிலர் சிரித்தார்கள். அவர் இன்னொன்றைக் காட்டினார். பிறகு அதுவும் இல்லை என்றார். இரண்டாம் வீட்டுக்காரர், ஐந்தாம் வீட்டுக்காரர், எதிர் வரிசைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். தினமும் இரண்டு வேளை பார்த்த பொருளை ஒருவருக்கும் தெரியவில்லை.

"பேஷ்!" என்றார் மேஸ்திரி. "பொண்டாட்டி புள்ளையயாவது அடையாளம் தெரியுங்களா, இல்ல அதுக்கும் மனு போடுவீங்களா?"

எனக்கு முகம் சுட்டது. என் மாணவர்களின் தகப்பனார்கள் இரண்டு பேர் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் முன்னால் போய் இன்ஸ்பெக்டரிடம் தெலுங்கில் சொன்னேன். ஒவ்வொரு தொட்டியின் அடியிலும் அடையாளம் இருக்கிறது, வடக்கு வரிசைக்கு நேர்கோட்டில், தெற்கு வரிசைக்கு வட்டமாக, வீட்டு வரிசைப்படி ஓட்டைகள், என்னுடையதில் நான்கு இருக்கும், திருப்பிப் பார்க்கலாம் என்று.

திருப்பினார்கள். நேர்கோட்டில் நான்கு ஓட்டை உள்ளது கிடைத்தது. மூன்று உள்ளது கிடைத்தது. எதிர் வரிசையின் வட்டங்கள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. இன்ஸ்பெக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார். போஸ்ட் மாஸ்டர் என் தோளைத் தட்டினார். அப்போது ஓரத்தில் துடைப்பத்தோடு நின்றிருந்த அவள் குரல் கேட்டது.

"சாமி எப்ப அத்த திருப்பிப் பாத்தீங்க?"

சண்டை போடும் குரல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல இருந்தது. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும், நான் தொட்டியைத் தொட்டிருக்க முடியாது என்று. இன்ஸ்பெக்டருக்கும் தெரியும். அவர் என் கையை ஒரு தடவை பார்த்தார்.

"நீ என்னம்மா சொல்ற?" என்று அவளைக் கேட்டார்.

"அந்த ஓட்டை நான் போட்டதுங்க. டின்னு நான் வாங்கினது. சாமிக்கு நாந்தான் சொன்னேன்."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "ஏமண்டி மாஸ்டாரு, நிஜமேனா? உண்மைதானா?"

"நாங்க போடச் சொன்னோம், அவ போட்டா" என்றேன்.

நான் செய்த குற்றம் முழுவதும் அந்த ஐந்து சொற்களில் இருக்கிறது. அவள் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, கலைந்து கிடந்த தொட்டிகளை எடுத்து, அடியைத் தடவிப் பார்த்து, அந்தந்த வாசலில் கொண்டுபோய் வைத்தாள். கடைசித் தொட்டியை வைத்தபிறகு துடைப்பத்தைத் தோளில் சாத்திக்கொண்டு போனாள். அடுத்தவன் சாமானைத் தன்னுடையது என்று சொன்னவளை வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டேன் என்று மேஸ்திரி அன்றைக்கே சொல்லிவிட்டாராம்.

நாங்கள் ஜெயித்தோம். தொட்டிகள் வீட்டுக்காரர்களுக்கே சொந்தம் என்று கடிதம் வந்தது. பெருமாளுக்குப் பாயசம் நிவேதனம் செய்து கொண்டாடினோம். மறுநாள் காலை குப்பை அள்ள யாரும் வரவில்லை. தெருமுனையில் வண்டி நின்றது, மணி அடித்தது, போய்விட்டது.

நான் மேஸ்திரியிடம் போனேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சொந்தத் தொட்டி இல்லீங்களா சார்? நீங்கதான் வாங்கினீங்க, நீங்கதான் பராமரிக்கிறீங்க. உங்க சொத்துமேல என் ஆளு கை வெச்சு, அது நசுங்கிப்போனா நீங்க இங்கிலீஷ்ல மனு போடுவீங்க. நமக்கெதுக்கு வம்பு? வண்டி முனைக்கு வரும். அவுங்கவுங்க கொண்டாந்து கொட்டிடுங்க."

முனிசிபாலிடிக்குப் போனேன். காண்ட்ராக்டரைக் கேளுங்கள் என்றார்கள். காண்ட்ராக்டரைக் கேட்டால் ஒப்பந்தத்தில் வண்டி மட்டும்தான், முனிசிபாலிடியைக் கேளுங்கள் என்றார். பள்ளிக்கூடம் விட்டதும் இதே வேலையாக நடந்தேன். ஒரு மேஜையில் இருப்பவர் சாப்பிடப் போயிருப்பார். இன்னொரு மேஜையில் இருப்பவர் திருமலையில் டூட்டி போட்டுப் போயிருப்பார். கடைசியில் யாராவது ஒருவர் ஃபைலை எடுத்து, நான் எழுதிய அந்தக் கம்பீரமான வாக்கியத்தை எனக்கே படித்துக் காட்டுவார். என் சொந்த இங்கிலீஷை அப்படி வெறுத்தது வேறெப்போதும் இல்லை.

தெரு நாறியது. எச்சில் இலையை மாடுகள் இழுத்துப் போட்டன. ஹோட்டலில் வேலை பார்த்த ஒருவரை ஏற்பாடு செய்தோம், இரண்டு வாரத்தில் நின்றுவிட்டார். கடைசியில் ஆண்கள் யாரும் சொல்லாமலே பெண்கள் அந்த வேலையை எடுத்துக்கொண்டார்கள். விடியற்காலையில், குளிப்பதற்கு முன், தொட்டியை இடுப்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு முனைக்குப் போய்வந்தார்கள். வண்டிக்காரன் கொட்டிவிட்டுக் காலித் தொட்டியைப் போட்ட இடத்திலிருந்து கைக்குக் கிடைத்ததைத் தூக்கி வந்தார்கள். தீட்டு வீட்டுத் தொட்டி எது, நல்ல வீட்டுத் தொட்டி எது என்று அதன்பிறகு எவரும் கேட்கவில்லை.

ஒரு நாள் என் மனைவி குளித்துவிட்டு வந்து சொன்னாள்.

"கைப்பிடியில அவ துணி சுத்தித் தைச்சு வெச்சிருக்கா. இல்லேன்னா கை கிழிஞ்சிருக்கும். நேத்து அவ்வளவு மழை, தொட்டியில ஒரு சொட்டுத் தண்ணி நிக்கலை." கொஞ்சம் பொறுத்து, "அந்த ஓட்டை இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றாள்.

நான் சொல்லிவிட்டேன். அவள் தலைமுடியைத் துவட்டிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "அப்போ போய்ச் சொல்லுங்கோ" என்றாள். "யார்கிட்ட?" என்றேன். "அதையும் நானா சொல்லணும்?" என்று உள்ளே போய்விட்டாள்.

முதலில் எனக்குத் தெரிந்த வழியில் போனேன். நான் சொன்னது பொய், தொட்டிகள் அந்தப் பெண்ணுடையவை என்று முனிசிபாலிடிக்கு எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த குமாஸ்தா படித்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"மாஸ்டாரு, ஃபைல் முடிஞ்சுபோச்சு. இத்த வாங்கினா நீங்க பொய் சொன்னீங்கன்னு நாங்க உங்க ஸ்கூலுக்கு எழுதணும். எதுக்கு சார்? குப்பைக்கா?"

"வாங்கிக்கோங்கோ" என்றேன். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். பள்ளிக்கூடத்துக்கு ஒன்றும் வரவில்லை. எனக்கும் ஒன்றும் வரவில்லை. நினைவூட்டல் எழுதினேன். அதற்கும் பதில் இல்லை. என்னைத் தண்டிக்கக்கூட யாருக்கும் அக்கறையில்லை.

அவளை நேரில் பார்ப்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன் என்பதுதான் நிஜம். அடுத்த தெரு கூட்டுகிறவளை விசாரித்ததில் ரேணிகுண்டா ஸ்டேஷனில் இருக்கிறாள் என்று தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். வெறுங்கையோடு போகக்கூடாது என்று தோன்றியது. வாசலில் இருந்த தொட்டியைக் கழுவி, நானே கையால் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள்.

கண்டக்டர் படியிலேயே மறித்தார். "ஏன் சாமி, நாமம் போட்டுக்கினு குப்பைத் தொட்டி தூக்கிக்கினு வர்றீங்க? ஏதாவது வேண்டுதலா?"

"ஆமாம்" என்றேன்.

"அப்ப மேல போடுங்க. உள்ள நாறும்."

அவள் பிளாட்பாரத்தின் கடைசியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள். தொட்டியையும் பார்த்தாள். ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"நான் சொன்னது பொய்" என்றேன். "உனக்குத் துரோகம் பண்ணிட்டேன். இது உன் தொட்டி. மத்ததையும் வாங்கித் தரப் பார்க்கறேன்."

அவள் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுத் தொட்டியை வாங்கினாள். பழக்கத்தில் அவள் கை அடியில் போயிற்று. விரல் நின்றது.

"இது உங்க வூட்டுது இல்ல சாமி. மூணு ஓட்டைதான் கீது. போஸ்ட் மாஸ்டர் வூட்டுது." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இப்பவும் திருப்பிப் பாக்கல, இல்ல?"

ஒரு கூட்ஸ் வண்டி கடந்து போகும்வரை இரண்டு பேரும் நின்றோம்.

"முனிசிபாலிடிக்கு எழுதிக் குடுத்துட்டேன்" என்றேன் பிறகு.

"காயிதத்துல எழுதனது எனக்கு எப்பிடித் தெரியும்? அன்னிக்கு எல்லாரும் சுத்தி நின்னாங்க இல்ல, தெருவுல? அங்க சொல்லுங்க. மேஸ்திரியும் இருக்கணும். திருடின்னு சொன்னது அந்தாளுதான்."

சரி என்றேன். தொட்டியை அவளிடமே விட்டுவிட்டு வந்தேன்.

சொன்னபடி செய்தேன். மேஸ்திரி வண்டியோடு வரும் நாளாகப் பார்த்து, தெருமுனையில் பெண்களும் ஆண்களும் இருந்தபோது, உரக்கச் சொன்னேன். தொட்டிகள் நம்முடையவை அல்ல, அவள் வாங்கிப் போட்டவை, எனக்கு அது முன்பே தெரியும், அவள் நம்பிச் சொன்ன அடையாளத்தை வைத்தே அவளைப் பொய்யாக்கினேன் என்று. போஸ்ட் மாஸ்டர் என் கையைப் பிடித்து இழுத்தார். "விடும் ஓய், உமக்கென்ன பித்தா? முடிஞ்ச கதை."

மேஸ்திரி மட்டும் கவனமாகக் கேட்டார். "அப்ப இது உங்குளுது இல்லைன்னு ஒத்துக்கறீங்க?"

"இல்லை. அவளுது."

"அவ பேரு எந்தக் காயிதத்துல இருக்குது சார்?"

எந்தக் காகிதத்திலும் இல்லை. நான் எழுதிக் கொடுத்ததிலும் தெரு கூட்டுகிறவள் என்றுதான் இருந்தது. அவள் கேட்டு நான் எழுதாமல் விட்ட காகிதத்தில் இருந்திருக்கும்.

மறுநாள் ஆட்கள் வந்தார்கள். சொந்தக்காரர் இல்லாத சாமான் என்று சொல்லி எல்லாத் தொட்டிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் வண்டிக்கு முன்னால் நின்றேன். மாட்டை ஓரமாக ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வாரமே வீட்டுக்கு வீடு காண்ட்ராக்டரின் வாடகைத் தொட்டி வந்தது. மெல்லிய தகரம், அடியில் ஓட்டை இல்லை. முதல் மழைக்கே தண்ணீர் தேங்கிப் புழு வைத்தது. தெருவில் பலர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

நான் மறுபடி ரேணிகுண்டாவுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவள் கூட்டியதை ஓரமாகத் தள்ளினாள். பிறகு, "எல்லாரும் கேட்டாங்களா?" என்றாள். கேட்டார்கள் என்றேன். "மேஸ்திரி?" அவரும்தான் என்றேன். "சரி" என்றாள்.

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, பழைய மனுவை, அவள் முதலில் கேட்டதை, எழுதினேன். அப்போதுதான் அவள் பெயரைக் கேட்டேன். தெலுங்கில் எழுதச் சொன்னாள், படித்துக் காட்டச் சொன்னாள். ஒரு இடத்தில் நிறுத்தி, பன்னிரண்டு வருஷம் இல்லை, பதினொன்று என்று திருத்தினாள். கட்டைவிரல் வைத்தாள். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பழைய இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர், இப்போது தொட்டி எங்கே என்று கேட்டார். காட்ட ஒன்றும் இல்லை. ரேணிகுண்டாவில் ஒன்று இருக்கிறது என்றேன். அது ரயில்வே எல்லை என்றார். எங்கள் தெரு அவளுக்குத் திரும்பக் கிடைக்கவேயில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, எண்பதுகளின் கடைசியில் என்று நினைக்கிறேன், மெட்ராஸ் வண்டிக்காக ரேணிகுண்டாவில் காத்திருந்தேன். பிளாட்பாரத்தின் கடைசிவரை நடந்து போனேன். குழாய்க்குப் பக்கத்தில் ஒரு பாதித் தார் டின் இருந்தது. கைப்பிடியில் சுற்றிய துணி கறுத்துப் போயிருந்தது. இந்தத் தடவையாவது திருப்பிப் பார்க்காமல் போகக்கூடாது என்று குனிந்து அதைத் திருப்பினேன். பாதி நிறைந்திருந்ததைக் கவனிக்கவில்லை. வாழைப்பழத் தோலும் டீத்தூளும் காலில் கொட்டின.

"ஏ பெரியவரே, கண்ணு தெரியலியா?" தூரத்தில் கூட்டிக்கொண்டிருந்தவர் கத்திக்கொண்டே வந்தார். "இப்பத்தான் கூட்டிட்டுப் போறேன், அத்துக்குள்ள கவுத்துட்டுக் கீறீங்க!"

நேர்கோட்டில் மூன்று ஓட்டைகள் இருந்தன. அவற்றின் விளிம்பு தட்டி மழுக்கப்பட்டு, விரலுக்கு இதமாக இருந்தது. இந்தத் தொட்டிக்காரி எங்கே என்று அவரிடம் கேட்டேன். தான் வந்து ஆறு மாசம்தான் ஆகிறது, அப்படி யாரையும் தெரியாது என்றார். மன்னிப்புக் கேட்டுவிட்டு, கொட்டியதையெல்லாம் கையாலேயே அள்ளித் தொட்டியில் போட்டேன். அவர் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, சரியாக அள்ளுகிறேனா என்று பார்த்தபடி நின்றார்.